ஆறு கையெழுத்தும் பன்னிரண்டு கண்ணும்

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு நூற்பாலை இருந்தது. எழுபதுகளின் நடுவில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். என் வீடு இருந்த மதுரை காளவாசலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஆபீஸ் கட்டடத்தில் பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். மில்லுக்குள்ளே டிஸ்பென்சரியில் ஒரு நர்ஸ் இருந்தார். மற்றபடி ரீலிங் பகுதியில், அதாவது நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் இடத்தில், எல்லாரும் பெண்கள்.

என் மேஜைக்குச் சலுகை மேஜை என்று பேர். வைத்தியச் செலவு, லீவுச் சம்பளம், பஞ்சு வாங்க வெளியூர் போகிறவர்களின் பயணப்படி, பெண்களுக்குப் பிரசவச் சலுகை என்று ஆட்களுக்குக் கம்பெனி கொடுக்கவேண்டியது எதுவானாலும் அதற்கான பேப்பர் என் மேஜையில் பிறக்கும். ஈ.எஸ்.ஐ. அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கம்பெனியே கொடுக்கவேண்டும், கொடுப்பதற்கு ஆறு பேர் கையெழுத்துப் போடவேண்டும். மேஸ்திரி, ஷிப்டு சூப்பர்வைசர், டைம் ஆபீஸ் கிளார்க், லேபர் ஆபீசர், அக்கவுண்டன்ட், கடைசியில் மேனேஜர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்களுக்கு ஆறு பூசாரி.

ஒரு பேப்பர் இந்த ஆறு மேஜையைத் தாண்டி வர ஒன்றரை மாதம் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அக்கவுண்டன்ட் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைப் பேப்பர் மேல்தான் வைப்பார். சாம்பார் வட்டம் இல்லாமல் ஒரு வைத்தியச் செலவு பில் கூட என்னிடம் திரும்பி வந்ததில்லை. சூப்பர்வைசர் ஒருமுறை ஒரு பயணப்படி பில்லில் திருநீறு மடித்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். ஆட்கள் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும், எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டிலும் கிடையாது, ஆபீஸிலும் கிடையாது. ஒருநாள் மேனேஜரிடம் போய், எனக்கு ஒரு கரும்பலகை வேண்டும் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடமா நடத்தப் போறே?" என்றார். நெற்றி நிறையப் பட்டையும் நடுவில் சந்தனமுமாக இருப்பார். கடுமையான ஆள் இல்லை, ஆனால் எதற்கும் உடனே சரி என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"எந்தப் பேப்பர் யார் மேஜையில தூங்குதுன்னு தினம் எழுதிப் போடப் போறேன் சார்."

பிறகு மில் தச்சரிடம் சொல்லி அடித்துக்கொள்ளச் சொன்னார். பலகையை டைம் ஆபீஸ் வாசலில் மாட்டினோம். ஷிப்டுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் டோக்கன் எடுக்க அந்த இடத்தில் நின்றே தீரவேண்டும். காலை ஒன்பது மணிக்குச் சாக்பீஸோடு போய் நான் எழுதுவேன். டோக்கன் நம்பர், ஆள் பேர், என்ன பேப்பர், இன்றைக்கு யார் மேஜையில் இருக்கிறது. நான்கே கட்டம். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

முதல் வாரமே அக்கவுண்டன்ட் வந்து நின்றார். "என்னம்மா, காலங்காத்தால என் பேரை வாசல்ல எழுதிப் போட்டுருக்க? கேட்டுல நிக்கிறவன்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கிறான்."

"பேப்பரை நகத்துங்க சார், அழிச்சுருறேன்."

அவர் போனார். அன்று சாயங்காலத்துக்குள் ஏழு பேப்பர் நகர்ந்தது. ஒரு மாதத்தில் தூக்குச்சட்டி தரைக்கு இறங்கியது. பஞ்சு வாங்கப் போகிற ஒருவருக்குப் பயணப்படி எட்டே நாளில் கையில் கிடைத்தது. அவர் கடைவீதியில் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார். முதலாளி ஒருநாள் வந்தபோது மேனேஜர் பலகையைக் காட்டி, "நம்ம பொண்ணு யோசனை சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் உள்ள எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரு கரும்பலகை போதும் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் பேப்பர் வந்தது.

ரீலிங்கில் வேலை பார்த்தவள். யானைமலைப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர். இருபத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான உடம்பு, அதிகம் பேசமாட்டாள். அவளுடைய பேப்பரை நர்ஸ்தான் கொண்டுவந்து கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று பிள்ளைக்குத் தாய்.

"இது மூணாவது. முன்னாடி ரெண்டும் அஞ்சாம் மாசத்துல தங்காமப் போச்சு" என்றார் நர்ஸ். "ரீலிங்ல எட்டு மணி நேரம் நின்னா இதுவும் தங்காது. பண்டல் கட்டுற எடத்துல உக்காத்தி வைக்கணும். பிரசவச் சலுகை சாங்ஷன் ஆனாத்தான் வேலை மாத்துவாகளாமே? நான்தான் சண்டை போட்டுக் கைநாட்டு வாங்கியாந்தேன். அஞ்சாம் மாசம் பெறக்க இன்னும் ஒரு மாசங்கூட இல்ல."

"எட்டே நாள் சிஸ்டர். முடிச்சுத் தாரேன்" என்றேன்.

மறுநாள் காலை பலகையில் எழுதினேன். அவளுடைய டோக்கன் நம்பர், அவளுடைய பேர், 'பிரசவச் சலுகை', 'மேஸ்திரி மேஜை'. ஈரத்துணியால் கட்டத்தைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன், மேஸ்திரி கண்ணில் படவேண்டும் என்று.

மத்தியானம் ஷிப்டு மாறும்போது பலகை முன்னால் ஒரே கூட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெண் உரக்கச் சத்தம் போட்டாள்: "ஏத்தா, எங்ககிட்டச் சொல்லவே இல்ல?" இன்னொருத்தி மாதக் கணக்கைக் கேட்டாள். மேஸ்திரி டீக்கடையில் நின்றுகொண்டு, "இந்தத் தடவையாச்சும் நிக்கட்டும், பாவம்" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொன்னாராம். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அந்தப் பெண் கூட்டத்துக்கு வெளியே, முந்தானையை இழுத்து வயிற்றைச் சுற்றிச் செருகிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஆனால் பார்த்ததைப் புரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் காலை பலகை எழுதப் போகுமுன்பே அவள் என் மேஜைக்கு வந்துவிட்டாள்.

"அந்தப் பேப்பரைக் குடுங்கக்கா."

"எதுக்கு? மேஸ்திரி போட்டுட்டாரு. இன்னைக்குச் சூப்பர்வைசர் மேஜைக்குப் போயிரும்."

"நான் முழுகாம இல்ல. தப்பா எழுதிப்புட்டீக."

"நர்ஸம்மா எழுதிக் குடுத்துருக்காகளே?"

"அவுகளுக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் இல்ல. குடுங்க."

குரல் உயரவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள். பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே, என் கண் முன்னால், அதை நாலாகவும் எட்டாகவும் பொடிப்பொடியாகவும் கிழித்தாள். குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது. அதில் போடவில்லை. ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இந்தக் காலத்திலும் கண்ணு, திருஷ்டி என்று நம்பலாமா, பார்க்கிறதினால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகிவிடும், நிற்கிறதினால்தான் ஆகும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். எல்லாம் நியாயமான பேச்சுதான். அவள் முடியும்வரைக்கும் கேட்டாள்.

"கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதுக்கா" என்றாள். பிறகு ரீலிங்குக்குப் போய், தன் மெஷின் முன்னால் நின்றாள்.

நர்ஸ் வந்து என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது. ஒரு மாதமாகப் பேசிப்பேசி அவர் சம்மதிக்க வைத்திருந்தார். நான் ஒரு சாக்பீஸால் அதைக் கெடுத்துவிட்டேன். "வயிறு தானாத் தெரியுற வரைக்கும் அவுக மூச்சு விடமாட்டாக. உனக்குத் தெரியாதா? நீயும் இந்த மதுரையிலதான பெறந்த?" என்றார். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் வீட்டில் தெரிந்தது ஆபீஸில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரசவச் சலுகை என்று வந்த பேப்பர் அத்தனையும் எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம், பாதிக்குமேல் பிள்ளை பிறந்த பிறகு வந்தவை. பிரசவத்துக்கு முன்னால் ஆறு வாரம், பின்னால் ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு என்பது சட்டம். இவர்கள் முதல் ஆறு வாரத்தில் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். உட்கார்ந்து செய்யும் லேசான வேலை ஒருத்திக்கும் கிடைத்திருக்கவில்லை. ஒவ்வொரு பேப்பரின் ஓரத்திலும் சிவப்பு மசியில் 'காலதாமதம்' என்று அழகாக எழுதியிருந்தது. பாதி எனக்கு முன்னால் இருந்தவர் கையெழுத்து. மீதி என்னுடையது.

வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பெண்களை விவரம் கெட்டவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் விவரமாகத்தான் இருந்தார்கள். முருகனுக்கு ஆறு முகம், பன்னிரண்டு கண் என்றால் கும்பிடலாம். வயிற்றில் மூன்று மாதத்தோடு நிற்கிற ஒருத்தி ஆறு கையெழுத்துக்காக ஆறு ஆம்பளைகளின் பன்னிரண்டு கண் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று கம்பெனி சொன்னது. அது போதாதென்று நான் மில் முழுவதற்கும் எழுதிக் காட்டியிருந்தேன்.

இதை மாற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பலகையிலிருந்து பேர்களை அழித்து டோக்கன் நம்பரை மட்டும் விட்டேன். பிரசவம் என்ற சொல் அதில் அதற்குப் பிறகு வரவே இல்லை. அடுத்தது ஆறு கையெழுத்து. மேனேஜரிடம் போனேன்.

"ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்மா. நீ பாட்டுக்கு வெட்டிற முடியாது" என்றார்.

"என்ன காரணம்னு கேட்டு எழுதிட்டு வரட்டுமா சார்?"

"கேளு."

கேட்டேன். ஒரு நாள் முழுக்க நோட்டும் பென்சிலுமாக மற்ற ஐந்து பேரிடமும் போனேன். ஒரு பெண்ணின் பிரசவப் பேப்பரில் நீங்கள் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள்? சூப்பர்வைசர், மேஸ்திரி போட்டிருந்தால் போடுவேன் என்றார். டைம் ஆபீஸ் கிளார்க், சூப்பர்வைசர் போட்டிருந்தால் போடுவேன் என்றார். லேபர் ஆபீசரும் அக்கவுண்டன்டும் அதே மாதிரி. மேஸ்திரிதான் முதல் ஆள், அவருக்கு முன்னால் யாரும் இல்லை. அவரிடம் கேட்டபோது தலையைச் சொறிந்தார். "போடுங்கன்னு சொன்னாக, போட்டேன். பொம்பளைக சமாச்சாரம், நான் எதைம்மா பாக்குறது?" என்றார்.

ஐந்து பதிலையும் எழுதி மேனேஜர் முன்னால் வைத்தேன். ஆறாவது வரியில் அவருடைய பதவியை எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தேன். படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆடிட்டர் கேட்டா?"

"நர்ஸ் சர்டிபிகேட் இருக்கு சார். ஒரு கவருக்குள்ள வச்சு ஒட்டி நேரா என் மேஜைக்கு வரட்டும். நான் ஒருத்திதான் பிரிப்பேன். வேலை மாத்துறதுக்கு என் கையெழுத்து, பணத்துக்கு டோக்கன் நம்பர் மட்டும் பாத்து உங்க கையெழுத்து. அம்புட்டுத்தான்."

நாலு நாள் இழுத்தார். ஐந்தாம் நாள் சரி என்றார். நான் டிஸ்பென்சரிக்கு ஓடினேன் என்றே சொல்லவேண்டும். புதுக் கவர்கள் ஒரு கட்டு, பசை, புது பாரம். நர்ஸிடம் கொடுத்து, அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், இனி ஒரு ஆம்பளைக் கண் படாது என்றேன்.

பிறகு காத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். கவர் வரவில்லை. அவளும் இல்லை, வேறு யாரும் இல்லை. கேன்டீனுக்குப் போகும் வழியில் ரீலிங் கதவு திறந்திருக்கும். அவள் நிற்பது தெரியும். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் நூல் முடிச்சுப் போடுவாள். நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாதம் பிறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

பொறுக்கமுடியாமல் நர்ஸிடமே போய்க் கேட்டேன். "என்ன சிஸ்டர், இன்னும் என்ன பயம்? கண்ணு படுற வழியைத்தான் சுத்தமா அடைச்சு விட்டாச்சே."

அவர் டெட்டால் பாட்டிலை எடுத்து வைத்தார், பஞ்சை மடித்தார், டீ ஊற்றிக் கொடுத்தார்.

"உன்கிட்டக் குடுக்கப் பயப்படுறாக" என்றார்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேனே!"

"சொல்றதுக்கு இல்லம்மா. பாக்குறதுக்கு."

டீ கிளாஸ் கையில் இருந்தது. கல்யாணமாகி அப்போது எனக்கு ஏழு வருஷம். பிள்ளை இல்லை. பழனிக்கும் போயாயிற்று, பெரிய டாக்டரிடமும் போயாயிற்று. பன்னிரண்டு கண்ணை அடைத்தேனே தவிர, என்னுடையதும் ஒரு கண் என்று நான் எண்ணியிருக்கவே இல்லை. அவர்களுக்கு மற்ற எல்லாக் கண்ணையும்விட இதுதான் பயம்.

கோபம் வந்தது. அப்படிக் கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. யாருக்காக நான் ஐந்து பேரிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்? நிற்கட்டும், எல்லாரும் நின்று சாகட்டும் என்று மனதுக்குள் சொன்னேன். சொன்ன மறுநிமிஷம் அந்த வாயையே கிழிக்கவேண்டும் போல இருந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காளவாசல் வரைக்கும் அழுதேன். வீட்டுக்குப் போய் இட்லிக்கு அரைத்தேன். ஆட்டிய ஆட்டில் மாவு மை மாதிரி ஆகி, மறுநாள் இட்லி கல்லாகப் போனது.

உரல் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் புத்தி கொஞ்சம் தெளிந்தது. இரண்டை இழந்தவள் அவள். யாரைப் பார்த்துப் பயப்படலாம், யாரைப் பார்த்துப் பயப்படக்கூடாது என்று அவளுக்கு நான் பாடம் நடத்த முடியாது. ஒருமுறை நடத்திப் பார்த்தேன், போய் மெஷின் முன்னால் நின்றாள். அவளுடைய பயத்தைத் திருத்துவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவளை உட்காரவைப்பதற்குத்தான் கொடுத்தார்கள். என் மனம் புண்பட்டது என் பாடு. அதற்கும் அவளுடைய ஐந்தாம் மாதத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

காலையில் பையைக்கூட மேஜையில் வைக்காமல் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"அந்த வழியை இன்னொரு தடவை மாத்தணும் சார்."

"இப்பத்தானம்மா மாத்துனோம்?"

"என் கையெழுத்தையும் எடுத்துரணும். வேலை மாத்துற சீட்டை நர்ஸே குடுக்கட்டும். கால்வீக்கம், முதுகுவலி, கை வெட்டுக் காயம்னு குடுக்குற அதே மஞ்சச் சீட்டு. காரணம் எழுத வேண்டாம். 'இந்த டோக்கனுக்கு உக்காந்து பாக்குற வேலை'ன்னு மட்டும். காரணம் நர்ஸோட நோட்டுல இருக்கும், நோட்டு பீரோவுல பூட்டியிருக்கும். வருஷத்துக்கு ஒருதடவை ஆடிட்டர் வேணும்னா பாத்துக்கிறட்டும். பணத்துக்கான பேப்பரு, வளைகாப்புக்கு அப்புறம் அந்தப் பொண்ணா எப்பக் கொண்டாறாளோ அப்பப் போதும். அந்நேரம் ஊருக்கே தெரிஞ்சுரும், பயம் இருக்காது. தேதியை நர்ஸ் நோட்டுலருந்து எடுத்துக்கிறலாம். காலதாமதம்னு யாரும் இனிமே எழுதக்கூடாது."

"சலுகை மேஜை உன்னோடது. உனக்கே தெரியாம எப்படிம்மா நடக்கும்?"

"எனக்குத் தெரிய வேண்டாம் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  அவருடைய மனைவியும் என் மாமியாரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பேனாவை எடுத்து அங்கேயே போட்டுக் கொடுத்தார்.

அந்த வாரம் மூன்று மஞ்சள் சீட்டு மேஸ்திரியிடம் போனது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. யார் யார் என்று நான் கேட்கவில்லை. மேஸ்திரிதான் என்னிடம் வந்து அங்கலாய்த்தார்.

"ஏம்மா, திடீர்னு இம்புட்டுப் பேருக்குக் கால் வீங்குது?"

"கல்லுத் தரை அண்ணே. நின்னா வீங்காம என்ன செய்யும்?"

"முப்பது வருசமா அதே கல்லுத் தரைதான" என்றார். ஆனால் ஆளை மாற்றிக் கொடுத்தார். சீட்டு என்றால் சீட்டுதான் அவருக்கு.

பண்டல் கட்டும் இடம் கேன்டீனுக்குப் போகும் வழியிலேயே இருந்தது. கம்பி வலை போட்ட நீள வராந்தா. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தெரிவார்கள். சீட்டுப் போன நாளிலிருந்து நான் அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன். பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியைச் சுற்றிக்கொண்டு, சுள்ளென்று அடிக்கிற வெயிலில், செருப்பில் மணல் ஏற நடந்து போய் டீ குடித்துவிட்டு அதே வழியில் திரும்புவேன். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் சுற்றித்தான் போனேன். ஐந்தாம் மாதம் முழுவதும் அப்படித்தான் போனேன். அது முடிந்ததும் நிறுத்தலாம் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. நர்ஸைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் கேள்வி வந்து நிற்கும். விழுங்கிவிடுவேன். அவரும் வெயில், பஸ் என்று வேறு எதையாவது பேசிவிட்டுப் போவார். ஒருநாள் மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போது, யாரிடமோ சொல்வதுபோல, "ஆறு பெறந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கு நான் மேஜையில் ஒரு வேலையும் செய்யவில்லை. சும்மா பேனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழித்து நர்ஸ் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து வைத்தார். பணத்துக்கான பேப்பர். கைநாட்டு இருந்தது, டோக்கன் நம்பர் இருந்தது. அந்த நம்பரை நான் ஒருமுறை பலகையில் பெரிதாக எழுதியிருந்தேன். இரண்டே நாளில் முடித்து அனுப்பினேன். ஓரம் சுத்தமாக இருந்தது, சிவப்பு மசி படவில்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் பலகை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். மேஜைக்கு எதிரே யாரோ வந்து நிற்கும் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். அவள்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தோளில் ஒரு துணிப்பொட்டலம். திரும்ப வேலையில் சேர வந்திருந்தாள், பிள்ளையை மில் குழந்தைக் காப்பகத்தில் விடவேண்டும், அதற்கு என்னிடம் ஒரு சீட்டு வாங்கவேண்டும்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பாரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே கேட்டேன். "டோக்கன் நம்பர்?"

சொன்னாள். எழுதினேன்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கிழித்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, பொட்டலத்தை விரித்து என் மடியில் வைத்துவிட்டாள். நான் பதறிப்போய்க் கையைத் தூக்கிக்கொண்டேன், சாக்பீஸ் தூள் படக்கூடாது என்று. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. இடது கன்னத்தில் காசு அகலத்துக்குக் கறுப்பாகத் திருஷ்டிப் பொட்டு.

நான் வேறுபக்கம் திரும்பினேன்.

"அக்கா" என்றாள் அவள். முந்தானையின் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கினாள். குனிந்து, பிள்ளையின் கன்னத்தில் இருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள். மை கொஞ்சம் இழுவிக்கொண்டது. அதையும் துடைத்தாள்.

"இப்பப் பாருங்க. நல்லாப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன்.